வேட்டையிலும் நெறி காத்த ஜிம் கார்பெட்

ஹவ்ரா நிலையத்திலிருந்து இமயமலை அடிவாரத்திலுள்ள காத்கோதாம் வரை ஓடும் ரயில்வண்டிக்குப் பாக் எக்ஸ்பிரஸ் என்று பெயர். பாக் என்றால் புலி என்பதைப் பாலிகஞ்சில் வாழும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். நைனிதால் யாத்திரைக்கு இவ்வண்டியில் சென்று வந்த அன்பர்கள் நம் சங்கத்திலும் உண்டு. மொகாமாவுக்கு அருகே ராஜேந்திரர் பாலத்தின்மேல் வண்டி கங்கையைக் கடக்கும்போது, பயணிகள் காசு எறிந்து கைகூப்புவர். அந்தக் கரையில் இருபத்தோர் ஆண்டுகள் ரயில்வேச் சரக்கைச் சுமந்தும் சுமப்பித்தும் வாழ்ந்த ஒருவரை அந்நேரத்தில் நினைப்பவர் மிகச் சிலரே. அவர் பிறந்ததோ, அவ்வண்டி போய்ச் சேரும் மலைநாட்டில். அவரே ஜிம் கார்பெட்.

ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்ற வீரர் என்று அவரை உலகம் போற்றுகிறது. அவர் நூல்கள் தமிழிலும் வந்து பலரது உறக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கோ அவர் வீரத்தைக் காட்டிலும் அவருடைய நியாய உணர்ச்சியே பெரிதாகத் தோன்றுகிறது. எதை, எப்போது, எக்கருவியால் வேட்டையாடலாம், அதற்கான விதி யாரை எவ்வாறு கட்டவேண்டும் என்ற கேள்விகளுக்கு அவர் வாழ்க்கையே ஒரு விடையாக அமைந்தது. அதனைச் சுருங்கக் கூறுவதே நம் நோக்கம்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தபால் அதிகாரி. வெள்ளையர் குடும்பமேயாயினும் செல்வக் குடும்பமன்று. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைச் சீமையிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள் தமக்குச் சமமாக மதிப்பதில்லை. 1881இல், ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன்பே, தந்தையார் காலமானார். பெரிய குடும்பத்தைத் தாயாரும் மூத்த தமையன் டாமும் தாங்கினர். குளிர்காலத்தில் குடும்பம் மலையிலிருந்து இறங்கிக் காலாதுங்கி என்னும் அடிவாரச் சிற்றூரில் தங்குவது வழக்கம். வீட்டு வாசலைத் தாண்டினால் காடு. புள்ளிமானும் கடமானும் கேளையாடும் மயிலும் புலியும் அக்காட்டில் நிறைந்திருந்தன. அதுவே ஜிம்மின் உண்மையான பள்ளிக்கூடம்.

கவணும் வில்லும் கொண்டு திரிந்த அச்சிறுவனுக்கு எட்டு வயதளவில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. குமாயுன் பறவைகளைப் பற்றி நூல் எழுத முயன்றிருந்த டீஸ் என்பவர், தமக்குப் பறவைகள் சேகரித்துத் தருவதற்காக அதனைக் கொடுத்தார். அது வாய்வழியே மருந்து இடிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. ஒரு குழல் வெடித்துப் பிளந்து பயனற்றிருந்தது. கட்டையும் முறிந்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

இவ்வகைத் துப்பாக்கியை நம்மவர் நாட்டுத் துப்பாக்கி என்பர். நரிக்குறவர் தோளில் அதனை நாம் கண்டிருக்கிறோம். கருமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். தக்கை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டோ ரவையோ இட்டு, மறுபடியும் தக்கை வைத்து இடிக்க வேண்டும். பின்னர்க் கேப்பைப் பொருத்திக் குதிரையை இழுத்து நிறுத்த வேண்டும். இத்தனையும் செய்தபின் ஒரே ஒரு வெடி. அது தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதற்குள் மான் காததூரம் போய்விடும். மருந்து ஈரமானால் அந்த ஒரு வெடியும் இல்லை. ஆகவே, இதனை ஏந்துபவன் மிருகத்துக்கு மிக அருகே செல்லக் கற்க வேண்டும். காற்றின் திசையையும் சருகின் ஓசையையும் அறிய வேண்டும். உறுதியில்லாதபோது சுடாமலிருக்கவும் பழக வேண்டும். கார்பெட் பின்னாளில் விலையுயர்ந்த ரைபிள்களைக் கையாண்டபோதும், ஒரே வெடி உள்ளவனுடைய நிதானம் அவரை விட்டு அகலவில்லை.

இச்சமயத்தில் அவருக்குக் குருவாய் வாய்த்தவர் குன்வர் சிங் என்னும் கிராமத் தலைவர். குன்வர் சிங் அக்காட்டின் பேர்பெற்ற திருட்டு வேட்டைக்காரர். தமையனிடம் கற்றதற்கு அடுத்தபடியாகக் காட்டு வித்தையை இவரிடமே கற்றதாகக் கார்பெட் மறையாமல் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் குன்வர் சிங் அபினுக்கு அடிமையாகி, உறவினர் கைவிட்ட நிலையில் குடிசையில் கிடந்தபோது, கார்பெட் தாமே சென்று தூக்கி உட்கார்த்தி, பூணூலைத் தொட்டு இனி அபினைத் தீண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். அவரும் சொன்ன சொல்லைக் காத்தார்.

குன்வர் சிங் ஏன் திருடர் ஆனார் என்பதை இங்கே சிந்திக்க வேண்டும். அவர் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் அக்காட்டு மான் எவருக்கும் உடைமையன்று. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கிற்று. அதே 1878இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கோ அதிலிருந்து விலக்கு அளித்தது. 1887இலும் 1912இலும் வந்த பறவை விலங்குச் சட்டங்கள், மான் முதலியவற்றை இன்ன காலத்தில் கொல்லலாகாது என்று அடைப்புக் காலம் விதிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தன. குட்டியும் தாயும் பிழைத்து இனம் பெருக வேண்டுமாதலால் அடைப்புக் காலம் நல்ல விதியே. ஆனால், அனுமதிச் சீட்டுப் பெற்றுக் காட்டின் ஒரு பகுதியைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு, விடுமுறையில் கடமானின் கொம்புக்காக வேட்டையாடிய துரைமகன் வீரர் எனப்பட்டார். நாட்டுத் துப்பாக்கியால் ஒரு புள்ளிமானைச் சுட்டு வீட்டாருக்கு உணவளித்த குடியானவர் கள்ளர் எனப்பட்டார். விதி ஒன்றாயிருந்தும் அது நின்ற தராசு கோணலாயிருந்தது.

நம் தமிழகத்திலும் இதே வரலாறு உண்டு. உதகமண்டலத்தில் 1877இல் வெள்ளையர் வேட்டைச் சங்கம் ஒன்று நிறுவினர். 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. வரையாடும் கடமானும் அடியோடு அழியாமல் எஞ்சியதில் இச்சட்டத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவியலாது. எனினும், வேட்டையைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த மலைவாழ் மக்களைக் கேட்டு அவ்விதிகளை எவரும் வகுக்கவில்லை.

கார்பெட்டின் நற்பேறு, இரு பக்கத்தையும் அறியும்படி அவர் வாழ்க்கை அமைந்தது. மேற்படிப்புக்குப் பொருளில்லாமையால் பதினெட்டு வயதளவில் வங்காள வடமேற்கு ரயில்வேயில் எரிபொருள் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அவ்விடத்து எஞ்சின்கள் விறகால் ஓடின. காட்டில் கூடாரமடித்து, மரம் வெட்டி, வண்டிகளில் அனுப்புவது வேலை. மரங்கள் வீழ வீழ அங்கே வாழ்ந்த பறவைகளும் விலங்குகளும் வீடிழப்பதை அவர் கண்ணாரக் கண்டார். பணி முடிந்தபோது கணக்கில் மிஞ்சிய தொகையைக் கேட்பாரில்லாத நிலையிலும் தலைமை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார். நம்மைப்போன்ற குமாஸ்தாக்கள் இதனைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. கங்கைக்குத் தென்புறம் அகலப் பாதை. வடபுறம் மீட்டர் பாதை. இடையே பாலம் இல்லை. ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் டன் சரக்கு முழுவதையும் ஆட்கள் தலையிலும் தோளிலும் சுமந்தே வண்டி மாற்றினர். கார்பெட் அவர்களோடு தாமும் மூட்டை சுமந்தார். ஆரம்பத்தில் ஒப்பந்தப் பணம் மாதக்கணக்கில் வராமல் கூலியாட்கள் அரைப்பட்டினி கிடந்தபோது தாமும் அவர்களோடு அதையே உண்டார். இறுதியில் பணம் வராவிடில் வேலை நின்றுவிடும் என்று தந்தியடித்துப் பெற்றுத் தந்தார். ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றும் தொடங்கினார். சாதி பேதத்தால் பிள்ளைகள் ஒரே கட்டடத்தினுள் அமரலாகாது என்ற தடை எழுந்தபோது, சுவர்களை நீக்கி வெறுங்கொட்டகை ஆக்கி, யாவரையும் அமர்த்தினர். தன்னைவிட எளியவனுக்கு விதி எவ்வாறு வலிக்கும் என்பதை அவர் இத்தகைய இடங்களில்தான் கற்றார்.

மொகாமாவில் இருந்த காலத்திலேயே, விடுப்பெடுத்துச் சென்று அவர் ஆட்கொல்லிகளை வேட்டையாடத் தொடங்கினார். 1907இல் சம்பாவத் பெண்புலி; அது 436 உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. 1910இல் பனார் சிறுத்தை. அது கொன்றவர் 400 பேர் என்பர். 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை. கேதார பதரி யாத்திரிகரை எட்டு ஆண்டுகள் நடுங்கச் செய்தது.

இப்பணிக்கு அவர் முன்வைத்த நிபந்தனைகள் இரண்டு. புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை அரசாங்கம் விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. மற்ற வேட்டைக்காரர்கள் அக்காட்டை விட்டு நீங்க வேண்டும் என்பது மற்றொன்று. பரிசுக்காகக் கொல்பவன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பல துப்பாக்கிகள் திரியும் காட்டில் குற்றமற்ற மிருகமும் மனிதனும் குண்டடி படுவதையும் அவர் விரும்பவில்லை.

சம்பாவத் புலியை வீழ்த்தியபின் அதன் வாயைச் சோதித்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எவரோ என்றோ சுட்ட குண்டால் வந்த ஊனம் அது. மானை அடித்துண்ணும் திறனை இழந்ததனாலேயே அப்புலி மனிதனை நாடிற்று என்று அவர் கண்டார். பொறுப்பின்றிச் சுட்டு, காயப்பட்ட மிருகத்தைத் தேடாமல் வீடு திரும்பிய ஒருவருடைய பிழைக்கு நானூறு குடும்பங்கள் விலை கொடுத்தன. வேட்டை விதிகள் மிருகத்துக்கு மட்டும் கருணை காட்டுவன அல்ல. மனிதனுக்கும் காப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆட்கொல்லியிடத்தும் அவர் மனம் நியாயத்தை மறக்கவில்லை. ருத்ரபிரயாகையில் ஊராரைக் காக்கும் பொருட்டு நஞ்சும் பொறியும் வைக்க நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதினார். மோகன் என்னும் இடத்து ஆட்கொல்லியை அது உறங்கும்போது சுட்டார். எழுப்பிவிட்டுச் சுட்டிருந்தால் தம் உயிரும் பிறர் உயிரும் போயிருக்கலாம், சுட்டது சரியே. ஆயினும், முன்னறிவிப்பின்றி உறக்கத்தில் கொன்றோமே என்ற உறுத்தலை அவர் வாசகரிடம் மறைக்கவில்லை. சட்டம் குற்றஞ்சாட்டாத இடத்திலும் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்ட மனிதர் அவர்.

குறையும் உண்டு. தம் காலத்துத் துரைமாரைப்போல அவரும் ஊறு செய்யாத பெரும்புலியை அதன் அழகுக்காகவே சுட்டதுண்டு. 1930இல் பொவால்கட் புலி அவ்வாறு வீழ்ந்தது. ஆனால் மனம் மாறத் தொடங்கியிருந்தது. படை அதிகாரிகள் சிலர் நீர்ப்பறவைகளைத் தேவையின்றிக் குவியல் குவியலாகச் சுட்டுத் தள்ளியதைக் கண்டு அவர் வெறுப்புற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சாம்பியன் என்னும் வன அதிகாரி புலிகளைப் புகைப்படம் எடுத்து 1927இல் நூலாக வெளியிட்டது அவருக்கு வழிகாட்டிற்று. சினிமாக் காமெராவின் ஓசை புலிக்குக் கேளாதிருக்க, ஓடையில் சிறு அணைகள் கட்டி நீர்வீழ்ச்சியின் ஒலி எழுப்பி, அதன் மறைவில் அமர்ந்து படமெடுத்தார். 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ராமகங்கைக் கரையில் அமைந்தபோது, அதற்காக உழைத்தவர்களில் கார்பெட்டும் ஒருவர். அங்கே எவருக்கும் வேட்டை இல்லை. துரைக்கும் இல்லை, குடியானவனுக்கும் இல்லை. தராசு முதன்முறையாகச் சமமாயிற்று.

காட்டுக்கு வெளியே வாழும் உழவனையும் அவர் கைவிடவில்லை. காலாதுங்கி அருகே சோட்டீ ஹல்துவானி என்னும் பாழூரை 1915இல் வாங்கி, குடிகளை அமர்த்தினார். இரவில் மானும் பன்றியும் பயிரை மேய்ந்தன. மிருகத்தைச் சுட்டுக் குவிப்பதற்குப் பதிலாக, ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். மதிலுக்கு அப்பால் மான் பிழைத்தது. இப்பால் கோதுமை பிழைத்தது.

இந்த மதிலைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நமக்கு நம் பாட்டனார் நினைவு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நமக்குச் சிறிது மானாவாரி நிலம் உண்டு. பயிர்க் காவலுக்கென லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று பாட்டனாரிடம் இருந்ததாம். சினை மானுக்கும் குட்டியோடு நிற்கும் மானுக்கும் குழலை உயர்த்தலாகாது என்பது அவர் நெறி. அது எந்தக் கெஜட்டிலும் வெளிவந்ததன்று. இன்று அந்நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் சிற்றப்பா, பன்றி கிளறிய நிலக்கடலைக்கு நஷ்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று ஆண்டுகளாக நடக்கிறார். காட்டு விலங்கைக் காக்க வேண்டும் என்பதில் அவருக்கும் மாறுபாடில்லை. அதற்கான செலவு தம் ஒருவர் தலையிலேயே விழலாமா என்பதே அவர் கேள்வி.

கார்பெட் சிறுவயதில் ஏந்திய வாய்வழித் துப்பாக்கி, மான் வேட்டை சட்டப்படி நடைபெறும் அமெரிக்காவில் இன்னும் ஒரு வழக்காடலுக்கு இடமாயிருக்கிறது. அங்கே மாநிலந்தோறும் மான் வேட்டைப் பருவங்கள் குறிக்கப்படுகின்றன. வாய்வழித் துப்பாக்கி ஏந்துவோருக்குத் தனிப்பருவம் உண்டு. ஒரே வெடி, குறுகிய தூரம் என்பதால் அச்சலுகை. 1985இல் நைட் என்பவர் நேர்வரிசை அமைப்புள்ள புதுவகைத் துப்பாக்கியைச் செய்தார். அதன்பின் தொலைநோக்கிக் கண்ணாடியும், வில்லையாக வார்த்த மருந்தும், உறையிட்ட குண்டும் சேர, பெயரளவில் பழையதாயும் செயலளவில் ரைபிளுக்கு நெருங்கியதாயும் கருவி மாறிற்று. கருவியின் குறையை முன்னிட்டுத் தந்த சலுகை, குறை நீங்கியபின்னும் நியாயமாகுமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். முதியவரும் கண்பார்வை குன்றியவரும் புதிய கருவியால்தான் மிருகத்தை வதைக்காமல் ஒரே குண்டில் வீழ்த்த முடியும் என்று மறுசாரார் கூறுகின்றனர். கொலராடோ மாநிலம் அப்பருவத்தில் தொலைநோக்கியையும் வில்லை மருந்தையும் விலக்கியுள்ளது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய தனிப்பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கே உரியது. சலுகைக்கு எது காரணமோ அக்காரணம் நிற்கும்வரையே சலுகையும் நிற்க வேண்டும் என்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. காயப்பட்ட மிருகத்தைத் தேடாமல் திரும்புபவன் கையில் எத்துப்பாக்கியும் அநியாயமே என்பதைச் சம்பாவத் புலியின் உடைந்த பற்கள் நமக்கு உணர்த்துகின்றன.

எஞ்சிய வரலாறு சிறிதே. முதல் உலகப்போரில் குமாயுன் மக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் போரில் முதுமையிலும் படைவீரருக்குக் காட்டுப் பயிற்சி அளித்தார். மணம் புரியாமல் தமக்கை மாகியுடன் வாழ்ந்தார். 1944இல் முதல் நூல் வெளிவந்து உலகப் புகழ் தந்தது. 1952இல் வந்த என் இந்தியா என்னும் நூலை இந்நாட்டு ஏழைகளுக்கே காணிக்கையாக்கினார். கொள்ளைக்காரன் சுல்தானாவைப் பிடிக்கச் சென்ற போலீசாருக்குத் துணைபோன அவரே, குற்றப் பரம்பரை என்று பிறப்பிலேயே முத்திரை குத்தப்பட்ட அவனுக்கு நேரான வாழ்வு வாழ வாய்ப்பே இருக்கவில்லை என்று அந்நூலில் இரங்கினார். 1947இன் இறுதியில் தமக்கையுடன் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவுக்குச் சென்றார். நிலத்தைக் குடிகளுக்கே விட்டுச் சென்றார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நியெரி என்னும் ஊரில் மாரடைப்பால் மறைந்தார். அவர் மறைவுக்குப்பின் ராமகங்கைப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973 ஏப்ரல் 1ஆம் நாள் புலிகள் காப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கிற்று. அவரது காலாதுங்கி இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், தொடக்கத்தில் லைசென்ஸ் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. குட்டியையும் பெண்மானையும் கொல்லலாகாது, இரவில் விளக்கடித்தோ மோட்டாரிலிருந்தோ சுடலாகாது என்று விதிகள் வகுத்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வேட்டை லைசென்ஸையே நீக்கிற்று. உயிருக்கும் பயிருக்கும் கேடு நேருமிடத்தில் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம். பருவம், கருவி என்ற வாதங்கள் நம்மிடையே முடிந்தன. யார் சுமையைத் தாங்குவது என்ற வாதம் முடியவில்லை.

அதற்கு விடை, கார்பெட் கட்டிய மதிலில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். மானைக் காக்கும் விதி, மானுக்கு அருகே வாழும் ஏழையையும் சேர்த்துக் காக்க வேண்டும். அப்போதுதான் அது பார்ப்பவர் இல்லாத காட்டிலும் கடைப்பிடிக்கப்படும். அடுத்த முறை பாக் எக்ஸ்பிரஸில் கங்கையைக் கடக்கும் நம் அன்பர்கள், ஆற்றுக்குக் காசு எறியும் அதே கையால் அக்கரையில் மூட்டை சுமந்த அந்த ரயில்வே ஊழியருக்கும் ஒரு வணக்கம் செலுத்துவார்களாக.